ஆராய்ச்சிக்கு நான் தகுதிதானா என்ற எண்ணம் வரும்போது: ஒரு முழுமையான வழிகாட்டி

என் முதல் ஆராய்ச்சிக் கட்டுரையை (பேப்பர்) ஒரு இதழ் ஏற்றுக்கொண்ட மெயில் ஒரு புதன்கிழமை இரவு பத்தரை மணிக்கு வந்தது. லேபில் வேறு யாரும் இல்லை. மூலையில் மைனஸ் 80 ஃப்ரீசர் உறுமிக்கொண்டிருந்தது. நான்கு வருட உழைப்பு. ஆனால் மெயிலைப் படித்ததும் சந்தோஷம் வரவில்லை. "ரெண்டாவது ரிவ்யூவர் நாலாவது படத்தைச் சரியாகப் பார்க்கவில்லை போலிருக்கிறது" என்ற நினைப்புதான் வந்தது. (கட்டுரையை மதிப்பிடும் சக ஆய்வாளர்தான் ரிவ்யூவர்.) அந்தப் படத்தின் மூல டேட்டாவைத் திறந்து, ஒவ்வொரு எண்ணாக மறுபடி கணக்குப் போட உட்கார்ந்தேன். எல்லாம் சரியாக இருக்கிறது என்று தெரியும்போது மணி ஒன்றரை. அப்போதும் நிம்மதி இல்லை. நான் பார்க்காத வேறு எங்கோ தப்பு இருக்கும் என்று நினைத்துக்கொண்டே ஹாஸ்டலுக்கு நடந்தேன்.

இப்போது ஒரு பல்கலைக்கழகத்தில் செல் உயிரியல் சொல்லிக்கொடுக்கிறேன், சின்னதாக ஒரு லேப் நடத்துகிறேன். என்னிடம் வரும் பிஎச்டி மாணவர்களில் பெரும்பாலானவர்கள் இதே பாரத்தைத் தூக்கிக்கொண்டு வருகிறார்கள். "மேடம், எனக்கு அட்மிஷன் கிடைச்சதே ஏதோ தப்பா நடந்த மாதிரி இருக்கு" என்று முதல் மாதத்திலேயே ஒருவர் சொன்னார். அந்த மாதிரி நினைக்கிறவர்களுக்காக, எனக்கு உதவியதையும் உதவாததையும் வரிசையாக எழுதுகிறேன். இந்த எண்ணம் என்னைவிட்டு ஒரேயடியாகப் போய்விட்டது என்று சொல்ல மாட்டேன். வந்தால் என்ன செய்ய வேண்டும் என்பது தெரியும், அவ்வளவுதான்.

முதலில், இது என்ன?

இம்போஸ்டர் சிண்ட்ரோம் என்று எல்லோரும் சொல்கிறோம். 1978-ல் பாலின் கிளான்ஸ், சுசான் ஐம்ஸ் என்ற இரண்டு அமெரிக்க உளவியலாளர்கள் இதைப் பற்றி முதன்முதலில் எழுதியபோது "சிண்ட்ரோம்" என்ற சொல்லையே பயன்படுத்தவில்லை. "இம்போஸ்டர் ஃபினாமினன்" என்றுதான் எழுதினார்கள். படிப்பிலும் வேலையிலும் நன்றாகச் சாதித்த 150-க்கும் மேற்பட்ட பெண்களோடு பழகி அவர்கள் கவனித்தது இது: பட்டம், விருது, பாராட்டு எல்லாம் கையில் இருந்தும், "நான் எல்லோரையும் ஏமாற்றிக்கொண்டிருக்கிறேன், என்றைக்காவது ஒருநாள் மாட்டிக்கொள்வேன்" என்று அந்தப் பெண்கள் நம்பினார்கள். மனநல மருத்துவக் கையேடுகளில் இது ஒரு நோயாகப் பட்டியலிடப்படவில்லை. ஆகவே "எனக்கு சிண்ட்ரோம் இருக்கிறது" என்று ஒரு புது வியாதியைத் தலையில் ஏற்றிக்கொள்ள வேண்டாம்.

இது ஒரு வட்டமாகச் சுற்றும். ஒரு வேலை வருகிறது, பயம் வருகிறது. பயத்தில் ஒன்று, தேவைக்கு மூன்று மடங்கு தயார் செய்வோம். அல்லது கடைசி நாள்வரை தள்ளிப்போட்டு அவசர அவசரமாக முடிப்போம். வேலை நன்றாகவே முடிந்துவிடும். முதல் வகை ஆள் "ராப்பகலாக உழைத்ததால் தப்பித்தேன்" என்பார். இரண்டாவது ஆள் "ஏதோ அதிர்ஷ்டம்" என்பார். இரண்டு பேருக்குமே "எனக்கு இது வரும்" என்ற முடிவு கிடைப்பதில்லை. அடுத்த வேலைக்கு அதே பயத்தோடு போவார்கள். என்னுடையது முதல் வகை. உங்களுடையது எது என்று இப்போதே யோசித்து வைத்துக்கொள்ளுங்கள், கீழே தேவைப்படும்.

எத்தனை பேருக்கு இப்படி இருக்கிறது? 2020-ல் வெளிவந்த ஒரு தொகுப்பாய்வு 62 ஆய்வுகளை, அவற்றில் இருந்த 14,000-க்கும் மேற்பட்டவர்களைப் பார்த்தது. எந்தக் கேள்விப்பட்டியலைப் பயன்படுத்துகிறோம், எங்கே கோடு போடுகிறோம் என்பதைப் பொறுத்து 9 சதவீதத்திலிருந்து 82 சதவீதம்வரை வந்தது. இவ்வளவு அகலமான ஒரு எண்ணை என் சொந்த ஆய்வில் யாராவது காட்டியிருந்தால் திருப்பி அனுப்பியிருப்பேன். அதனால் ஆன்லைனில் இருபது கேள்விக்கு டிக் அடித்து, வந்த மார்க்கைப் பார்த்துக் கலங்காதீர்கள். ஆண்களிடமும் பெண்களிடமும், மாணவர்களிடமும் பல வருட அனுபவம் உள்ளவர்களிடமும் இது காணப்படுகிறது. இப்போதைக்கு அதைத் தெரிந்துகொண்டால் போதும்.

ஆராய்ச்சியில் இது ஏன் இவ்வளவு சுலபமாக ஒட்டிக்கொள்கிறது?

பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்பு, டிகிரி, நெட், கேட் என்று இருபது வருடம் நாம் பரீட்சையிலேயே வளர்ந்தவர்கள். பரீட்சையில் கேள்வி கேட்டவருக்கு விடை தெரியும். திருத்துகிறவர் கையில் விடைக்குறிப்பு இருக்கும். நமக்கு விடை தெரியவில்லை என்றால் நாம் சரியாகப் படிக்கவில்லை என்றுதான் அர்த்தம். வீட்டிலும் பள்ளியிலும் தெருவிலும் நம்மை எடைபோட்ட ஒரே தராசு அது. அந்தத் தராசில் நன்றாக நின்றவர்கள்தான் ஆராய்ச்சிக்கே வருகிறார்கள்.

உள்ளே வந்த மறுநாளே தராசை எடுத்துவிடுகிறார்கள். யாருக்கும் விடை தெரியாத கேள்வியைக் கையில் கொடுக்கிறார்கள். மூன்று மாதம் ஆகியும் விடை வரவில்லை. பழைய பழக்கம் என்ன சொல்லும்? "உனக்குத் தெரியவில்லை, ஏனென்றால் நீ சரியில்லை." மனம் பழைய கணக்கையே போடுகிறது, வேலையோ மாறிவிட்டது. என் பார்வையில் ஆராய்ச்சி மாணவர்களின் துன்பத்துக்குப் பெரிய காரணம் இதுதான். இதை யாரும் முதல் நாளில் சொல்வதில்லை என்பதில் எனக்கு உண்மையான வருத்தம் உண்டு.

இதோடு வேறு சிலவும் சேர்ந்துகொள்ளும். மற்றவர்களின் வேலையை அழகான ஆறு படங்களாகத்தான் பேப்பரில் பார்க்கிறோம், நம் வேலையை மட்டும் கசங்கிய நோட்டுப் புத்தகமாகத் தினமும் பார்க்கிறோம். கூடப் படித்தவர்கள் வீடு வாங்கும் வயதில் நாம் மாதம் 37,000 ரூபாய் ஜேஆர்எஃப் உதவித்தொகை எப்போது வரும் என்று காத்திருக்கிறோம். ஊருக்குப் போனால் "இன்னுமா படிக்கிற?" என்ற கேள்வி வாசலிலேயே நிற்கும்.

முதல் படி: அந்த வாக்கியத்தை அப்படியே எழுதுங்கள்

"மனசு சரியில்லை" என்று எழுத வேண்டாம். மனதில் ஓடும் வாக்கியத்தை அது ஓடும் மொழியிலேயே எழுதுங்கள். தேதி, நேரம், அதற்குச் சற்று முன் என்ன நடந்தது என்பதையும் சேர்த்து. என் பழைய நோட்டிலிருந்து ஒன்று: "செவ்வாய், மதியம் 3. லேப் மீட்டிங் முடிந்தது. எனக்கு ஒன்றும் தெரியாது என்பது சாருக்கு இன்றைக்குத் தெரிந்துவிட்டது."

இரண்டு வாரம் எழுதினால் போதும், ஒரு ஒழுங்கு தெரியும். எனக்கு இது பெரும்பாலும் லேப் மீட்டிங்குக்குப் பிறகும், சரியாகத் தூங்காத நாட்களிலும், யாராவது பாராட்டிய அன்றைக்கும் வந்தது. தோற்றபோது வந்ததைவிடப் பாராட்டு கிடைத்தபோது அதிகமாக வந்ததைப் பார்த்ததும்தான் முதல்முறையாக எனக்குச் சந்தேகம் வந்தது. நான் உண்மையிலேயே தகுதியில்லாதவள் என்றால் தோற்கும்போதுதானே அதிகம் தெரிய வேண்டும்?

அந்த நாட்களில் அம்மாவிடம் போனில் ஒருமுறை அழுதேன். பள்ளிக்கூடத்தில் எட்டாவதோடு நின்றவர் அவர்.

"நீ சரியில்லன்னா உங்க சார் எதுக்குடி அஞ்சு வருஷமா உன்ன வச்சிருக்காரு?"

"அவருக்கும் தெரியலம்மா."

"அவ்ளோ படிச்சவருக்குத் தெரியாதது உனக்கு மட்டும் எப்படிடி தெரிஞ்சுது?"

அன்றைக்கு எனக்குப் பதில் தெரியவில்லை. பிறகு உட்கார்ந்து யோசித்தேன். என்னைத் தகுதியில்லாதவள் என்று நான் நம்ப வேண்டும் என்றால், என் கைடு (என் பிஎச்டிக்கு வழிகாட்டிய அந்த சார்), என் வேலையை மதிப்பிடும் டாக்டரல் கமிட்டியில் இருந்த மூன்று பேர், இரண்டு ரிவ்யூவர்கள் என்று நான் மதிக்கிற ஆறு பேரையும் ஏமாளிகள் என்று நம்பியாக வேண்டும். அவர்களில் ஒருவர்கூட அப்படிப்பட்டவர் இல்லை.

இரண்டாம் படி: தெரியாததை மூன்றாகப் பிரியுங்கள்

இந்த வழிகாட்டியில் நீங்கள் ஒன்றே ஒன்றைத்தான் செய்யப் போகிறீர்கள் என்றால் இதைச் செய்யுங்கள். ஒரு தாளில் மேலிருந்து கீழாகக் கோடு போட்டு மூன்று பத்தியாகப் பிரியுங்கள். முதல் பத்தி: இன்னும் யாருக்குமே தெரியாதது. இரண்டாவது: மற்றவர்களுக்குத் தெரியும், எனக்கு இன்னும் தெரியாது. மூன்றாவது: என் மீது மற்றவர்கள் வைத்தது. "நான் லாயக்கில்லை" என்று தோன்றவைக்கும் ஒவ்வொரு விஷயத்தையும் இந்த மூன்றில் ஒன்றில் போடுங்கள். ஒவ்வொன்றுக்கும் மருந்து வேறு. ஒன்றாகக் கலந்து வைத்திருப்பதால்தான் மூச்சு முட்டுகிறது.

முதல் பத்திக்கு ஒரு நல்ல உதாரணம் இருக்கிறது. செல் உயிரியலாளர் மார்ட்டின் ஷ்வார்ட்ஸ் 2008-ல் ஜர்னல் ஆஃப் செல் சயின்ஸ் இதழில் ஒரு சிறு கட்டுரை எழுதினார். பிஎச்டி மூன்றாம் ஆண்டில் ஒரு வேதியியல் சிக்கலில் மாட்டிக்கொண்டு ஹென்றி டாபேயிடம் போயிருக்கிறார். டாபே அந்தத் துறையின் ஜாம்பவான், இரண்டு வருடத்தில் வேதியியலுக்கான நோபல் பரிசு பெறப்போகிறவர். அவர் தனக்கும் இதற்கு வழி தெரியாது என்று சொல்லிவிட்டார். ஷ்வார்ட்ஸுக்கு அப்போதுதான் உறைத்தது: இவருக்கே தெரியாது என்றால் யாருக்குமே தெரியாது, அதனால்தான் இது ஆராய்ச்சிக் கேள்வி. அதன்பிறகு சில நாட்களில் அதைத் தீர்த்தும்விட்டார். முதல் பத்தியில் இருப்பவற்றுக்கு வெட்கப்பட ஒன்றுமே இல்லை. நம் சம்பளமே அதற்குத்தான்.

இரண்டாவது பத்தியை எப்படிக் கையாள்வது என்பதை என் லேபில் நடந்த ஒன்றை வைத்துச் சொல்கிறேன். ஒரு மாணவிக்கு மூன்று மாதமாக வெஸ்டர்ன் பிளாட் (சாம்பிளில் உள்ள புரதங்களை ஜெல்லில் பிரித்து, குறிப்பிட்ட ஒன்று இருக்கிறதா என்று பார்க்கும் சோதனை) வரவில்லை. அவர் தேடிய புரதத்தின் பேண்டு (கோடு) இருக்க வேண்டிய இடம் வெறுமையாக இருந்தது. "மேடம், எனக்குக் கை சரியில்லை, இந்த வேலைக்கு நான் லாயக்கில்லை" என்றார். இருவரும் உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் பார்த்தோம். ஜெல்லிலிருந்து மெம்பரேன் என்ற மெல்லிய தாளுக்குப் புரதம் மாறியிருக்கிறதா? பொன்சோ சாயம் போட்டால் வரிசை வரிசையாகச் சிவப்புக் கோடுகள் தெரிந்தன, மாறியிருக்கிறது. எல்லா வரிசையிலும் சமமாக ஏற்றியிருக்கிறாரா? செல்களில் எப்போதும் இருக்கும் ஆக்டின் என்ற புரதத்தின் பேண்டு எல்லா இடத்திலும் ஒரே அளவில் இருந்தது, கை சரியாகத்தான் இருக்கிறது. அந்தப் புரதம் நிச்சயமாக இருக்கும் என்று தெரிந்த சாம்பிளில் வருகிறதா? அதிலும் வரவில்லை. அப்படியானால் குறை, தேடும் புரதத்தில் போய் ஒட்டிக்கொண்டு அதைக் காட்டிக்கொடுக்கும் ஆன்டிபாடியில். குப்பியை எடுத்துப் பார்த்தால், எத்தனையோ முறை உறையவைத்து உருக்கிய பழைய குப்பி. புதுக் குப்பி வந்த வாரத்தில் பேண்டு வந்தது.

மூன்று மாதம் அவர் தன் கையைக் குறை சொன்னார், கை சரியாக இருந்ததற்கான ஆதாரம் அதே மெம்பரேனில் ஆக்டின் பேண்டாகக் கண்ணெதிரே இருந்தது. கண்ட்ரோல், அதாவது ஒப்பிட்டுச் சரிபார்க்க வைக்கும் சாம்பிள், இல்லாத எந்த முடிவையும் நாம் ஏற்றுக்கொள்வதில்லை. "நான் லாயக்கில்லை" என்ற முடிவை மட்டும் ஒரே ஒரு தோல்வியை வைத்து, கண்ட்ரோலே இல்லாமல் ஏற்றுக்கொள்கிறோம். உங்கள் மீதான தீர்ப்புக்கும் உங்கள் சோதனைக்குக் கேட்கும் அதே கேள்விகளைக் கேளுங்கள்: இதற்கு வேறு விளக்கம் உண்டா? அதை எப்படிச் சரிபார்ப்பது?

சில சமயம் குறை உண்மையிலேயே நம்மிடம் இருக்கும். புள்ளியியல் சரியாகத் தெரியாது, கோடிங் வராது. அதை மறைக்க வேண்டியதில்லை. "புள்ளியியல் தெரியாது" என்பது மிகப் பெரிய வாக்கியம். "ஒரே எலியிலிருந்து எடுத்த பல செல்களை எப்படிக் கணக்கில் எடுப்பது என்று தெரியாது" என்று சுருக்கிவிட்டால், அதைச் சொல்லித்தர ஒரு ஆள், ஒரு மதியம் போதும்.

மூன்றாவது பத்தியைப் பற்றி ஆறாம் படியில் சொல்கிறேன். அதற்குத் தனி இடம் வேண்டும்.

மூன்றாம் படி: வெள்ளிக்கிழமை நோட்டு

லேப் நோட்டின் பின்பக்கத்திலிருந்து எழுதத் தொடங்குங்கள். ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் பத்து நிமிடம். போன வாரம் தெரியாத, இந்த வாரம் தெரிந்த ஒன்று. யாராவது என்னிடம் உதவி கேட்டார்களா, எதற்கு. எது தோற்றது, அதனால் எது இல்லை என்று ஆனது. "நன்றாகப் போனது" போன்ற பொத்தாம்பொதுவான வரிகள் வேண்டாம். "பிசிஆரில் பிரைமர்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும் பிரச்சினையை நானே கண்டுபிடித்தேன், அனீலிங் வெப்பநிலையை 58-லிருந்து 61 ஆக்கினேன்" என்று எழுதுங்கள். நம் மனம் தோல்வியைத் தானாகவே ஞாபகம் வைத்துக்கொள்ளும். கற்றுக்கொண்டதை எழுதிவைத்தால்தான் உண்டு.

கூடவே ஒரு தோல்விப் பட்டியலும் வைத்துக்கொள்ளலாம். 2010-ல் மெலனி ஸ்டீஃபன் என்ற ஆய்வாளர் நேச்சர் இதழில் இந்த யோசனையைச் சொன்னார். 2016-ல் பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தின் யோஹான்னஸ் ஹவுஸ்ஹோஃபர் தனக்குக் கிடைக்காத இடங்கள், வேலைகள், நிதி எல்லாவற்றையும் வரிசைப்படுத்தி எல்லோரும் பார்க்கும்படி வெளியிட்டார். நிராகரிப்புக்கு நம் தகுதியோடு எந்தச் சம்பந்தமும் இல்லாத நேரங்களும் உண்டு. 1937-ல் ஹான்ஸ் கிரெப்ஸ், செல்கள் உணவிலிருந்து ஆற்றல் எடுக்கும் சிட்ரிக் அமிலச் சுழற்சியைப் பற்றிய தன் ஆய்வை நேச்சருக்கு அனுப்பினார். ஏழெட்டு வாரத்துக்குப் போதுமான கடிதங்கள் (சிறு ஆய்வுக் குறிப்புகளுக்கு அந்த இதழ் வைத்த பெயர்) ஏற்கெனவே கையில் இருப்பதாகச் சொல்லித் திருப்பிவிட்டார்கள். இடமில்லை, அவ்வளவுதான் காரணம். அதே வேலைக்கு அவருக்கு 1953-ல் நோபல் கிடைத்தது.

ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். பெரியவர்களின் கதைகள் எனக்கு ஓரளவுக்குத்தான் உதவின. "அவர் கிரெப்ஸ், நான் யார்?" என்று மனம் உடனே தப்பித்துவிடும். அதைவிடப் பக்கத்து பெஞ்சில் இருந்த அக்கா தன் மூன்று நிராகரிப்பு மெயில்களை எனக்குக் காட்டியதுதான் வேலை செய்தது. உங்களுக்கு அப்படி ஒருவர் கிடைத்தால் விட்டுவிடாதீர்கள்.

துறை மாறி வந்தவர்களுக்கு மட்டும் ஒரு பெயரைச் சொல்வேன். சிதம்பரத்தில் பிறந்த வெங்கி ராமகிருஷ்ணன் 1976-ல் இயற்பியலில் பிஎச்டி வாங்கினார். வாங்கிய கையோடு உயிரியல் படிக்க சான் டியேகோவில் மறுபடி மாணவராகச் சேர்ந்தார். பிறகு ஆசிரியர் வேலைக்குச் சுமார் 50 இடங்களுக்கு விண்ணப்பித்தும் ஒன்றும் கிடைக்கவில்லை. 2009-ல், செல்லுக்குள் புரதங்களைத் தயாரிக்கும் ரைபோசோம் பற்றிய ஆய்வுக்காக வேதியியல் நோபலைப் பகிர்ந்துகொண்டார். இயற்பியலிலிருந்து உயிரியலுக்கு, வேதியியலிலிருந்து டேட்டா சயின்ஸுக்கு என்று தாவியவர்கள் சில வருடங்களாவது எல்லோரையும்விடக் குறைவாகத் தெரிந்தவராக இருந்தே ஆக வேண்டும். அந்தக் காலத்தைத் தகுதிக் குறைவு என்று எண்ண வேண்டாம்.

நான்காம் படி: கேள்வி கேட்கப் பழகுங்கள், ஆங்கிலம் தடுத்தாலும்

செமினார் ஹாலில் ஐம்பது பேர் தலையாட்டுவார்கள். பாதிப் பேருக்குப் புரிந்திருக்காது. ஒவ்வொருவரும் மற்றவர் தலையாட்டுவதைப் பார்த்து "எனக்கு மட்டும்தான் புரியவில்லை" என்று நினைத்துக்கொள்வார்கள். ஒருவர் கேட்டுவிட்டால் இந்தக் கட்டு அவிழ்ந்துவிடும்.

எனக்கு உதவிய முறை இது. பேச்சின்போதே கேள்வியை எழுதிக்கொள்வேன். "நான் இதை இப்படிப் புரிந்துகொண்டேன், சரிதானா?" என்ற வடிவில் எழுதுவேன், அது எந்தக் கேள்விக்கும் பொருந்தும். முதல் மூன்று கேள்விகளுக்குள் கை தூக்கிவிடுவேன். காத்திருந்தால் கேள்விகள் கடினமாகிக்கொண்டே போகும், நம் கேள்வி சின்னதாகிவிட்டது போலத் தோன்றும், பிறகு கை எழும்பாது. பெரிய ஹாலில் முடியாவிட்டால், சிலர் கூடி ஒரு பேப்பரைப் படித்துப் பேசும் ஜர்னல் கிளப்பில் தொடங்குங்கள். அதுவும் முடியாவிட்டால் டீ இடைவேளையில் பேச்சாளரிடம் போய்க் கேளுங்கள்.

இப்போது ஆங்கிலம். நான் மன்னார்குடி பக்கத்து அரசுப் பள்ளியில் தமிழ் வழியில் படித்தவள். உட்கரு, செல் சவ்வு, ஒளிச்சேர்க்கை என்று படித்துவிட்டு வந்து, முதல் வருடம் முழுக்க வாயைத் திறக்கவில்லை. சரளமாக ஆங்கிலம் பேசியவர்கள் எல்லோரும் எனக்கு அறிவாளிகளாகத் தெரிந்தார்கள். மொழி தெரிவதும் அறிவியல் தெரிவதும் வேறு வேறு என்று வாயால் சொல்வது சுலபம், மனதுக்குப் புரியவைக்க எனக்கு ஒரு பழக்கம் தேவைப்பட்டது. எந்தப் பேப்பரைப் படித்தாலும் முடிவில் அதன் சாரத்தைத் தமிழில் நான்கு வரி எழுதினேன். தமிழில் எழுத வந்துவிட்டால் எனக்குப் புரிந்திருக்கிறது, பேசுவதுதான் பாக்கி. தமிழிலேயே எழுத வரவில்லை என்றால் அறிவியலே புரியவில்லை, மறுபடி படிக்க வேண்டும். இரண்டையும் பிரித்துப் பார்க்க இதைவிடத் தெளிவான வழியை நான் இதுவரை பார்க்கவில்லை. என் தமிழ் மாணவர்கள் இன்றும் இதைச் செய்கிறார்கள். மேடையில் பேசுவதற்கு, முதல் மூன்று வாக்கியங்களை மட்டும் மனப்பாடம் செய்து, போனில் பதிவு செய்து கேளுங்கள். நடுக்கம் பெரும்பாலும் அந்த மூன்று வாக்கியத்தோடு அடங்கிவிடும்.

ஐந்தாம் படி: கைடிடம் எப்படிக் கேட்பது, பாராட்டை எப்படி வாங்கிக்கொள்வது

கைடு ஒன்றும் சொல்லவில்லை என்றால் "கோபமாக இருக்கிறார்" என்று நாமே எழுதிக்கொள்வோம். கைடாக ஆன பிறகு சொல்கிறேன்: நான் பேசாமல் இருக்கும் நாட்களில் பெரும்பாலும் நிதி விண்ணப்பத்தின் கடைசித் தேதி என் தலையில் ஓடிக்கொண்டிருக்கும்.

"நான் சரியாகச் செய்கிறேனா சார்?" என்று கேட்காதீர்கள். "ம், நல்லாத்தான் போகுது" என்ற பதில் வரும், அதை நீங்கள் நம்ப மாட்டீர்கள். இப்படிக் கேளுங்கள்: "மூன்றாவது படத்தில் எந்த கண்ட்ரோல் குறைகிறது?" "அடுத்த மூன்று மாதத்தில் நான் கற்றுக்கொள்ள வேண்டிய ஒரு டெக்னிக் எது?" குறிப்பான கேள்விக்குக் குறிப்பான பதில் வரும். அது கண்டிப்பாக இருந்தாலும் கையில் பிடித்துக்கொள்ள ஏதாவது இருக்கும்.

பாராட்டு வரும்போது "இல்ல சார், எல்லாம் உங்க ஆசீர்வாதம்", "ஏதோ லக்கு" என்று சொல்லியே பழகிவிட்டோம். அடக்கம் நல்ல குணம்தான், அதை விடச் சொல்லவில்லை. ஆனால் செய்த வேலையை இல்லை என்று சொல்வது அடக்கம் ஆகாது. "நன்றி சார், அந்த அனாலிசிஸ் செய்ய ரெண்டு மாசம் ஆச்சு" என்று சொல்லிவிட்டு நிறுத்துங்கள். முதல் சில முறை உடம்பே கூசும். பிறகு பழகிவிடும்.

வட்டத்தைப் பற்றி மேலே சொன்னேன் அல்லவா. அதிகமாகத் தயார் செய்கிற வகை என்றால், அடுத்த லேப் மீட்டிங்குக்கு வழக்கமான நேரத்தில் முக்கால்வாசி மட்டும் செலவிட்டுப் பாருங்கள். தள்ளிப்போடுகிற வகை என்றால், மோசமான முதல் வரைவை ஒரு வாரம் முன்பே ஒரு நண்பரிடம் கொடுத்துவிடுங்கள். என்ன ஆகிறது என்று வெள்ளிக்கிழமை நோட்டில் எழுதுங்கள்.

ஆறாம் படி: மூன்றாவது பத்தி

"கோட்டாவுல வந்தவ" என்று காதுபடப் பேசுகிறார்கள். ஆண் மாணவர்களுக்குப் புதுக் கருவியைக் கொடுத்துவிட்டு உங்களைச் சாமான் கணக்கெடுக்கச் சொல்கிறார்கள். உங்கள் உச்சரிப்பை மீட்டிங்கில் செய்துகாட்டிச் சிரிக்கிறார்கள். இதற்கெல்லாம் இம்போஸ்டர் சிண்ட்ரோம் என்று பெயர் வைத்து, "தன்னம்பிக்கையை வளர்த்துக்கொள்" என்று சொன்னால் அது அநியாயம். 2021-ல் ருச்சிகா துல்ஷ்யான், ஜோடி ஆன் பியூரே இருவரும் ஹார்வர்ட் பிசினஸ் ரிவ்யூவில் இதைத்தான் எழுதினார்கள்: பெண்களுக்கு இந்தப் பெயரை ஒட்டிவிட்டு, அவர்களை ஒதுக்கும் இடத்தைத் திருத்தாமல் விடுகிறோம் என்று. நம் ஊரில் சாதியையும் இதோடு சேர்த்துத்தான் பார்க்க வேண்டும்.

இட ஒதுக்கீட்டில் வந்த மாணவர்களிடம் நான் நேரடியாகவே சொல்வது: இடம் உங்களுடையது, சட்டப்படி உங்களுடையது, அதற்கு யாரிடமும் நன்றிக்கடன் கிடையாது. உள்ளே வந்த பிறகு ஜெல்லுக்கு யார் எந்தப் பட்டியலில் வந்தார் என்று தெரியாது.

செய்ய வேண்டியது இது. நடந்ததைத் தேதியோடு, சொன்ன சொற்களோடு, கூட இருந்தவர்களோடு எழுதிவையுங்கள், மெயில்களை அழிக்காதீர்கள். நம்பகமான இன்னொரு ஆசிரியரிடம் முதலில் பேசுங்கள். சாதி சார்ந்த புகார் என்றால் நிறுவனத்தின் எஸ்சி எஸ்டி பிரிவு, பாலியல் தொல்லை என்றால் 2013 சட்டப்படி அமைக்கப்பட்ட உள் புகார்க் குழு. கைடை மாற்றுவது பாவம் இல்லை. முதல் வருடத்திலேயே செய்தால் இழப்பு குறைவு. ஐந்தாம் வருடம்வரை பொறுத்துக்கொண்டு உடைந்துபோனவர்களை நான் பார்த்திருக்கிறேன், அதனால்தான் சொல்கிறேன்.

ஏழாம் படி: இது வேறு எதுவாகவோ மாறினால்

இரண்டு வாரத்துக்கு மேல் தூக்கம் இல்லை, சாப்பாடு இறங்கவில்லை, லேப் வாசல்வரை போய்த் திரும்பி வருகிறீர்கள், முன்பு பிடித்த எதுவும் பிடிக்கவில்லை என்றால் நோட்டும் பத்தியும் போதாது. மருத்துவரைப் பாருங்கள். 2019-ல் நேச்சர் இதழ் 6,000-க்கும் மேற்பட்ட பிஎச்டி மாணவர்களிடம் கேட்டபோது, படிப்பினால் வந்த பதற்றத்துக்கோ மனச்சோர்வுக்கோ உதவி தேடியதாக 36 சதவீதம் பேர் சொன்னார்கள். நீங்கள் தனி ஆள் இல்லை. டெலி மானஸ் எண் 14416, இருபத்துநான்கு மணி நேரமும் இலவசம், தமிழிலேயே பேசலாம். தமிழ்நாட்டில் 104-லும் கூப்பிடலாம். சாவைப் பற்றிய எண்ணம் ஒருமுறை வந்தாலும் அன்றைக்கே ஒருவரிடம் சொல்லிவிடுங்கள், அறைத் தோழியாக இருந்தாலும் சரி. பிஎச்டி காத்திருக்கும்.

எட்டாம் படி: உங்களுக்கு ஒரு ஜூனியர் வரும்போது

பிஎச்டி முடித்து போஸ்ட்டாக் ஆய்வாளர் ஆனபோது இந்த எண்ணம் திரும்பி வந்தது. முதல் நிதி கிடைத்தபோதும் வந்தது. ஒவ்வொரு புதுப் படியிலும் வரும் என்று எதிர்பார்த்து வைத்துக்கொண்டால் அவ்வளவாகத் திடுக்கிட வைக்காது. என்னிடம் அது ரொம்ப நேரம் தங்காமல் போக ஆரம்பித்தது, நான் ஜூனியர்களுக்குச் சொல்லிக்கொடுக்கத் தொடங்கிய பிறகுதான். நமக்கு எவ்வளவு தெரியும் என்பது, தெரியாத ஒருவருக்கு விளக்கும்போதுதான் நமக்கே தெரிகிறது.

லேப் மீட்டிங்கில் வாரம் ஒருமுறையாவது "இது எனக்குத் தெரியாது, பார்ப்போம்" என்று சத்தமாகச் சொல்கிறேன். புது மாணவர் வந்த முதல் வாரத்தில் என் இரண்டாம் வருட நோட்டைக் கையில் கொடுத்துவிடுவேன். அட்டை கிழிந்து, ஏதோ பஃபர் கொட்டிய கறையோடு இருக்கும். போன ஜூலையில் வந்த பெண் அதை இரண்டு நாள் வைத்திருந்துவிட்டு, ஒரு பக்கத்தில் விரலை வைத்தபடி என் அறைக்கு வந்தார்.

"மேடம், இந்த ஜெல்லும் வரலையா?"

"வரல."

"இது எத்தனாவது?"

"பதினேழு. அடுத்த பக்கத்தையும் பாரு, அதுவும் வரல."

அவர் பக்கத்தைத் திருப்பிப் பார்த்தார். அப்புறம் பையிலிருந்து தன் நோட்டை எடுத்து, நான் கேட்காமலேயே, அன்று காலை வராமல்போன ஜெல்லின் படத்தை மேஜைமேல் வைத்தார்.